கிராண்ட் கேஸில் ஒரு மாலை: நாலு கடை ஸ்டார்ட்டரா, ஒரே கடைச் சாப்பாடா?

அலையும்வயிறு:
கரீபியனில் செயிண்ட் மார்ட்டின் தீவு, அதன் பிரெஞ்சுப் பகுதியில் கிராண்ட் கேஸ் என்று ஒரு கடலோர ஊர். கரையை ஒட்டி ஒரே நீளத் தெரு, இரண்டு பக்கமும் சாப்பாட்டுக் கடைகள். போன பிப்ரவரியில் நானும் மனைவியும் ஒரு மாலை முழுக்க அங்கே ஸ்டார்ட்டர் மட்டுமே சாப்பிட்டோம்.

ஆறு மணிக்கு ஒரு லோலோவில் தொடங்கினோம். கரி அடுப்பில் வாட்டிக் கொடுக்கும் திறந்தவெளிக் கடைகளை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். உப்பிட்ட காட் மீனை ஊறவைத்து உதிர்த்து, மாவில் கலந்து பொரித்த அக்ரா. அடுத்த கடையில், சதையை மிளகாயும் ரொட்டித்தூளும் சேர்த்துப் பிசைந்து ஓட்டுக்குள்ளேயே அடைத்துச் சுட்ட நண்டு. மூன்றாவது இடம் கொஞ்சம் பெரிய இடம், வெள்ளைத் துணி விரித்த மேசை. பச்சை டூனாவைப் பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழிந்த டார்ட்டார். கடைசியாக பூதேன், அதாவது காரமான ரத்தத் தொத்திறைச்சி.

மூன்றாவது கடையில் மட்டும் "ஆந்த்ரே போதும்" என்றதும் பரிமாறியவர் முகம் சுருங்கிவிட்டது. (பிரெஞ்சில் ஆந்த்ரே என்றால் ஸ்டார்ட்டர். அமெரிக்காவில் அதே சொல்லுக்கு முக்கிய உணவு என்று பொருள். அங்கே ஆந்த்ரே கேட்டுவிட்டு இத்தனூண்டு தட்டைப் பார்த்து முழிக்கும் அமெரிக்கர்கள் தனிக் கதை.) நாங்கள் செய்தது தப்பா?

ஒரேஇலை:
தப்புதான். கல்யாண வீட்டில் நாலு பந்தியிலும் உட்கார்ந்து வடையை மட்டும் தின்றுவிட்டு எழுந்து போகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? அது நீங்கள்தான். ஒரு கடையில் உட்கார்ந்தால்தான் அந்தச் சமையல்காரர் கையில் என்ன இருக்கிறது என்று தெரியும். நாலு கடையில் நாலு வாய், நாலு பில். நடுவில் வேறு வியர்க்க வியர்க்க நடை.

அலையும்வயிறு:
வடை நன்றாக இருந்தால் அதையே தின்பதில் என்ன குற்றம்? அந்த அக்ராவிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. தீவைச் சுற்றிக் கடல், கடல் நிறைய மீன். ஆனாலும் ஊர்ப் பலகாரம், எங்கோ வடக்கே குளிர்க்கடலில் பிடித்து உப்பிட்டு அனுப்பிய மீனில். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளுக்கு மலிவாகப் போட வந்த மீன் அது. அது போதாதா ஒரு மாலைக்கு?

குசினிக்காரன்:
நான் பாரிசில் பதினான்கு வருடமாக உணவகக் குசினியில் நிற்கிறவன். இரண்டு பேருமே அடுப்படியைப் பார்க்காமல் பேசுகிறீர்கள்.

தம்பி, அந்த ஆளுக்கு முகம் சுருங்கியது டிப்ஸுக்காக இல்லை. பிரெஞ்சுப் பக்கத்தில் சேவைக் கட்டணம் பட்டியல் விலையிலேயே இருக்கிறது. பிரச்சினை மேசைதான். சின்னக் கடை ஒரு இரவில் ஒரு மேசையை ஒரு தரம், மிஞ்சினால் இரண்டு தரம் விற்கும். ஏழரைக்கு வந்து நீங்கள் இரண்டு டார்ட்டாரோடு உட்கார்ந்தால், முழுச் சாப்பாடு சாப்பிட வந்த இரண்டு பேர் வாசலோடு திரும்பிப் போவார்கள். ஆறு மணிக்கு வெறும் மேசையில் உட்கார்ந்தால் யாருக்கும் நட்டமில்லை. பார் பக்கத்து முக்காலியில் என்றால் எந்த நேரமும் சரி.

இன்னொன்று. டார்ட்டாருக்குக் கத்தி போதும், அடுப்பே வேண்டாம். குளிர் ஸ்டார்ட்டர்களுக்கு முக்கால்வாசி வேலை மதியமே முடிந்துவிடும். அதைத் தின்றுவிட்டு "அந்தக் கடைச் சமையல் பிரமாதம்" என்று எழுதாதீர்கள்.

டொராண்டோக்காரி:
அண்ணா சொல்வது மேசைக்கடைக்குச் சரி. லோலோவுக்கு அந்தக் கணக்கு எதற்கு? பெரும்பாலும் நீள பெஞ்சுகள், பக்கத்தில் முன்பின் தெரியாத குடும்பம். ஒரு தட்டு வாங்கினாலும் யாரும் கோபிப்பதில்லை. 2017 செப்டம்பரில் இர்மா புயல் அந்த ஊரையே புரட்டிப் போட்டது. கூரை போட்டு மறுபடி அடுப்பு மூட்டியவர்களிடம் நாலு இடத்தில் பத்துப் பத்து யூரோ கொடுப்பது எனக்குச் சந்தோஷமே. ரொக்க டாலர் கொடுத்தால் யூரோவுக்குச் சமமாகவே எடுத்துக்கொள்ளும் கடைகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள். நாலு தடவை கார்டு தேய்த்து வங்கிக்குத் தண்டம் கட்டாதீர்கள்.

ஒரேஇலை:
சரி, லோலோவை விட்டுவிடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். கொலம்போ சாப்பிட்டீர்களா?

1850களில் புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து ஒப்பந்தக் கூலிகளாக மார்த்தினிக், குவாதலூப் என்ற கரீபியப் பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கப்பலேறியவர்களின் மசாலாவில் பிறந்தது அது. கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், கடுகு எல்லாம் போட்டு ஆட்டுக்கறியோ கோழியோ வேகவைப்பார்கள். நம் 'குழம்பு'தான் அங்கே கொலம்போ ஆனது என்று சொல்கிறவர்களும் உண்டு. பிரெஞ்சுத் தீவுகள் எல்லாவற்றிலும் பரவிவிட்டது. ஆனால் அது ஸ்டார்ட்டர் பக்கத்தில் இருக்காது.

அலையும்வயிறு:
இப்போது மாட்டிக்கொண்டேன். அன்று கொலம்போ இருந்ததா இல்லையா என்றே தெரியாது. நாலு கடையிலும் மெனுவின் மேல்பாதியைத்தான் படித்தேன்.

குசினிக்காரன்:
அதைச் சொல்லுங்கள்! குழம்பு தாண்டிப் போய்த் தொத்திறைச்சி தின்ற தமிழன். முழுச் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்குப் பல கடைகளில் கடைசியில் பழமோ வனிலாவோ ஊறவைத்த ரம் இலவசமாக ஊற்றுவார்கள் என்று அங்கே வேலை செய்த கூட்டாளி சொல்வான். அதுவும் போச்சு.

அலையும்வயிறு:
ரம்மைச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள். அடுத்த தடவை ஆறு மணிக்கு இரண்டு லோலோ, அக்ராவும் நண்டும். எட்டு மணிக்கு முன்பதிவு செய்த மேசை, கொலம்போ.

ஒரேஇலை:
அதற்குப் பெயர் இரவுச் சாப்பாடு. இதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்.

டொராண்டோக்காரி:
இல்லையே, இரண்டு லோலோ இன்னும் இருக்கிறதே. மூன்று கடை ஆகிறது. நீங்கள் இன்னும் ஜெயிக்கவில்லை.