மைலேஜ் எங்கே போனது, எப்படித் திரும்பி வந்தது? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கோவை, 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக்

வாங்கிய புதிதில் என் வண்டி ஊருக்குள் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தது. போன வருடம் 13-க்கு மேல் ஏறவே இல்லை. இரண்டு பட்டறையில் காட்டினேன். "வண்டிக்கு வயசாயிடுச்சு சார்" என்றார்கள். ஏர் ஃபில்டர் மாற்றினேன், பிளக் மாற்றினேன், பெட்ரோலில் கலக்கும் மருந்து ஒரு பாட்டில் வாங்கி ஊற்றினேன். ஒன்றும் அசையவில்லை.

ஏர் ஃபில்டர் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளில் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் விழும், அது உண்மை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் உள்ளே வரும் காற்றை அளந்துதான் பெட்ரோல் தெளிக்கிறது. அதனால் அடைத்த ஃபில்டரால் இழுவை குறையுமே தவிர, மைலேஜ் பெரிதாக மாறாது. இன்ஜின் நலனுக்காக மாற்றுங்கள், மைலேஜை எதிர்பார்த்து மாற்றாதீர்கள்.

என் வண்டியின் நோயைக் கண்டுபிடித்தது என் மனைவி. அவிநாசி ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது, "ஹீட் முள் ஏன் எப்பவும் கீழேயே கிடக்கு?" என்று கேட்டார். நானும் அதைப் பார்த்திருக்கிறேன். வண்டி நன்றாகக் குளிர்ச்சியாக ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்று இரவே நண்பரிடம், இன்ஜின் அளவுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவியை வாங்கி மாட்டினேன். அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர், அதாவது கூலன்ட், 60 டிகிரியைத் தாண்டவில்லை. 85, 90 இருக்க வேண்டிய இடம் அது.

அப்போதுதான் பழைய விஷயம் ஞாபகம் வந்தது. அதற்கு முந்தைய வருடம் ஊட்டி போகும்போது பர்லியார் தாண்டி வண்டி கொதித்து நின்றது. அன்று பார்த்த மெக்கானிக், "இனிமே ஹீட்டே ஆகாது" என்று சொல்லி தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். நம் ஊரில் நிறைய பேர் இதைச் செய்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் தவறு.

அந்த வால்வின் வேலை இதுதான். இன்ஜின் சூடாகும் வரை அது மூடியிருக்கும், தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். 80 டிகிரிக்கு மேல் போனதும் திறந்து ரேடியேட்டருக்கு விடும். வால்வே இல்லையென்றால் ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்து தண்ணீர் ரேடியேட்டர் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். இன்ஜின் சூடேறாது. வண்டி இன்னும் காலைக் குளிரில்தான் இருக்கிறது என்று நினைத்து இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியூ கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். ஆயிலும் கெட்டியாகவே கிடக்கும், தேய்மானமும் கூடும்.

புது வால்வு போட்டேன். முதலில் கொதித்ததற்கான காரணம் ரேடியேட்டர் ஃபேனை ஓடவைக்கும் ஸ்விட்சான ரிலே, அதையும் மாற்றினேன். இன்னொன்றும் தெரிந்தது: மேனுவலில் இன்ஜின் ஆயில் 5டபிள்யூ-30 என்று இருக்க, வண்டியில் ஊற்றியிருந்தது அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50. அதையும் சரிசெய்தேன். அடுத்த டேங்க்கில் 32.2 லிட்டருக்கு 512 கிலோமீட்டர், அதாவது 15.9. அன்று பங்க்கில் நின்றபடியே மனைவிக்குப் போன் செய்தேன்.

நாமக்கல், பெட்ரோல் செடான்

அண்ணா, முள் விஷயம் எனக்குப் புதிது. நான் சொல்ல வந்தது மலை இறக்கம் பற்றி.

அப்பா அம்பாசடர் ஓட்டியவர். இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது அவர் பாடம், நானும் அப்படியே ஓட்டினேன். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஒரு முறை பாதி இறங்குவதற்குள் பிரேக் தீய்ந்த வாடை வந்தது, பெடல் ஆழமாகப் போனது. பின் சீட்டில் குழந்தைகள். ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் ஆறவிட்டுத்தான் கிளம்பினோம்.

மீதி தூரத்தை இரண்டாவது கியரில், ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமல் இறங்கினேன். அந்த நேரத்து மைலேஜைக் காட்டும் திரை என் வண்டியில் உண்டு. அது காட்டக்கூடிய அதிகபட்ச எண்ணில் போய் நின்றுவிட்டது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் வேண்டும். ஆக, கியரில் இறங்கினால் பெட்ரோலும் மிச்சம், பிரேக்கும் பிழைக்கும். அப்பாவிடம் சொன்னேன், நம்பவில்லை. அடுத்த பயணத்தில் முன் சீட்டில் உட்காரவைத்துத் திரையைக் காட்டினேன். இப்போது அவரே மற்றவர்களுக்குச் சொல்கிறார்.

சென்னை, கால் டாக்ஸி

பெட்ரோல் காசு என் கையிலிருந்து போவதால் ஒவ்வொரு டேங்க்கையும் நோட்டில் எழுதுவேன். திருச்சி சவாரியில் 100, 110-ல் போனால் 17-ஐ ஒட்டி வரும். 80, 85-ல் போனால் 20-க்கு மேல். 80-லிருந்து 100-க்குப் போகும்போது காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலே ஆகிறது. டோல், டீ எல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சும் நேரம் அரை மணி. அவசரம் இருக்கிறதா என்று கஸ்டமரிடம் முதலிலேயே கேட்டுவிடுவேன். முக்கால்வாசிப் பேர் மெதுவாகவே போங்கள் என்பார்கள்.

காத்து வாரம் ஒரு தடவை, காலையில் டயர் சூடாகும் முன். எவ்வளவு என்பது டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். பங்க் பையன் கண்ணால் பார்த்துச் சொல்வதை நம்ப வேண்டாம்.

திருச்சி, சின்ன ஆட்டோமேட்டிக் கார்

என்னுடையது சின்ன அனுபவம். மைலேஜ் திடீரென்று விழுந்தது. ஒருநாள் காய்கறி இறக்கும்போது பின் சக்கரத்துப் பக்கம் அனல் அடித்தது. மற்ற மூன்றும் சாதாரணமாக இருந்தன. ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகி முழுதாக விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கேபிள் மாற்றியதும் சரியாகிவிட்டது. வெகுதூரம் ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும்.

கோவை சாருக்கு ஒரு கேள்வி: என் மைலேஜ் இன்னும் கொஞ்சம் குறைவாகவே இருக்கிறது. இ20 பெட்ரோல் காரணமாக இருக்குமா?

கோவை, மீண்டும்

இருக்கலாம் மேடம். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. இ20-ல் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்பதால், கலப்பே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஆறேழு சதவீதம் குறையும். இ10 ஊற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு அதில் பாதி. அந்த அளவு குறைந்தால் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம். 15, 20 சதவீதம் விழுந்தால் எத்தனாலைக் காட்டி விட்டுவிடாதீர்கள், வண்டியில் ஏதோ இருக்கிறது.

திரையில் காட்டும் எண்ணை வைத்து முடிவு செய்யாமல், ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்பி, 400 கிலோமீட்டராவது ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்பி வகுத்துப் பாருங்கள். இப்படி மூன்று டேங்க் எழுதினால் தெரிந்துவிடும்.

நாமக்கல் தம்பி, நாளைக் காலை வண்டி எடுக்கும்போது முள் நடுவுக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து எழுதுங்கள்.