மிகுகுளிர் மூலக்கூறுகளின் மோதலைக் கட்டுப்படுத்துதல்: ஆய்வக அனுபவங்கள்

மிகுகுளிர் மூலக்கூறு என்றால் தனிச்சுழியத்தை ஒட்டிய வெப்பநிலைக்குக் குளிர்விக்கப்பட்டது. பொட்டாசியம்-ருபிடியம் மூலக்கூறில் இறங்குபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, மூலக்கூறுகளைப் பிடித்துவைக்கும் பொறிக்குள் மிச்சம் கிடக்கும் அணுக்களைத்தான். காந்தப்புலத்தை 546 காஸ் அருகே ஒத்ததிர்வை (அணு ஜோடியின் ஆற்றலும் மூலக்கூறின் ஆற்றலும் ஒன்றாகும் புள்ளியை) தாண்டி நகர்த்தி அணுக்களை இணைத்து, இரண்டு லேசர்களால் அடிமட்ட ஆற்றல் நிலைக்கு இறக்கிய பிறகும், ஜோடி சேராத பொட்டாசியம் ஏராளமாக இருக்கும். அது மூலக்கூறோடு சட்டென்று வினைபுரியும். அந்த அணு உறிஞ்சும் அதிர்வெண்ணுள்ள ஒளியால் அதை வெளியே தள்ளாமல் அளவெடுத்தால், அணுவால் வந்த இழப்பெல்லாம் மூலக்கூறுகளின் மோதல் கணக்கில் ஏறிவிடும்.

சரிபார்க்க எளிய வழி, அடர்த்தியின் தலைகீழியை நேரத்துக்கு எதிராக வரைவது. மூலக்கூறுகள் இரண்டிரண்டாக மட்டும் அழிந்தால் நேர்கோடு வரும். மேல்நோக்கி வளைந்தால் அணு மிச்சம் என்று சந்தேகப்படுங்கள். வெப்பநிலையையும் கூடவே அளங்கள்: அடர்த்தி மிகுந்த நடுப்பகுதியே முதலில் காலியாவதால் எஞ்சிய மேகம் சூடேறும். இந்த மூலக்கூறுகள் ஃபெர்மியான்கள், அதாவது ஒரே குவாண்டம் நிலையில் இரண்டு சேராத துகள்கள். ஒரே உள்நிலையிலுள்ள ஃபெர்மியான்களின் வினைவேகம் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், இதைத் திருத்தாத எண்ணுக்கு மதிப்பில்லை.

எல்லா மூலக்கூறும் ஒரே உள்நிலையில் இருக்கும் தூய்மை எவ்வளவு முக்கியம் என்பதை 2010-இல் அமெரிக்காவின் ஜிலா ஆய்வகம் காட்டியது. எல்லா மூலக்கூறும் ஒரே அணுக்கருத் தற்சுழற்சி நிலையில் இருந்தால் அவற்றுக்கிடையே 24 மைக்ரோகெல்வினுக்குச் சமமான ஆற்றல் தடை நிற்கிறது. மேகத்தின் வெப்பநிலையோ சில நூறு நானோகெல்வின்தான்; அதனால் தடையை எளிதில் தாண்ட முடியாது. ஒரு பகுதியை வேறு நிலைக்கு மாற்றியதும் வினை 10 முதல் 100 மடங்கு வேகமெடுத்தது.

*

மின்புலம் பற்றியும் சொல்ல வேண்டும். புலத்தை ஏற்றினால் அந்தத் தடை ஒரு திசையில் தாழ்கிறது. இழப்பு இருமுனைத் திறனின் (மூலக்கூறில் நேர், எதிர் மின்னூட்டங்கள் பிரிந்திருக்கும் அளவின்) ஆறாம் அடுக்கில் எகிறும். மூலக்கூறுகளைத் தட்டையான அடுக்குகளில் அடைத்து, புலத்தை அடுக்குக்குச் செங்குத்தாக வைத்தால் தப்பலாம். இன்னொரு வழியும் உண்டு: மூலக்கூறுகளை முதல் கிளர்வுற்ற சுழற்சி நிலையில் தயாரித்து, சென்டிமீட்டருக்கு 12 கிலோவோல்ட்டுக்குச் சற்று மேலே கொண்டுபோனால் புலமே கவசமாகிறது. ஆனால் புலம் சில சதவீதம் நகர்ந்தாலே வினைவேகம் ஆயிரம் மடங்கு மாறும். வெற்றிடக் கலத்தின் கண்ணாடியில் படியும் மின்னூட்டம் இங்கே பெரிய தலைவலி; மின்முனை மின்னழுத்தத்தை மட்டும் நம்பாமல், மூலக்கூறின் சுழற்சி அதிர்வெண்ணைக் கொண்டே புலத்தை அளவிடுங்கள்.

*

சோடியம்-பொட்டாசியம் வைத்திருப்பவர்களுக்கு நுண்ணலைக் கவசமே என் தேர்வு; நுண்ணலை மூலக்கூறுகளை ஒன்றையொன்று விலக்கச் செய்து நெருங்கவிடாமல் தடுக்கும். முதல் சுழற்சி மாற்றம் 5.6 கிகாஹெர்ட்ஸ் அருகே. அதைவிடச் சில மெகாஹெர்ட்ஸ் மேலே, வட்டத் தளவிளைவோடு (அலையின் மின்புலம் வட்டமாகச் சுழலும்படி) செலுத்த வேண்டும். வட்டம் நீள்வட்டமாகத் திரிந்தால் கவசம் பலவீனமாகும். நுண்ணலை மூலத்தின் கட்ட இரைச்சலும் (அலையின் கட்டத்தில் வரும் சிறு நடுக்கமும்) மூலக்கூறுகளைக் கவசமற்ற நிலைக்குத் தள்ளும். நல்ல மூலம் வாங்குவதோடு நிற்காமல் பெருக்கிக்குப் பின்னும் இரைச்சலை அளங்கள். சக்தியை மெதுவாக ஏற்றி, மெதுவாகவே இறக்குங்கள். ஜெர்மனியின் கார்ச்சிங் குழு இந்த வழியில், சூடான மூலக்கூறுகளை மட்டும் வெளியேறவிட்டு (ஆவியாக்கி) குளிர்வித்து 2022-இல் 21 நானோகெல்வினை எட்டியது.

ஒரே நிலையில் எத்தனை வேண்டுமானாலும் சேரக்கூடிய போசான் வகை மூலக்கூறுகளுக்கு இது ஒன்று போதாது. எஞ்சும் ஈர்ப்பால் மூன்று மூலக்கூறுகள் சேர்ந்து அழியும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சோடியம்-சீசியத்துக்கு நேர்கோட்டுத் தளவிளைவுள்ள இரண்டாவது நுண்ணலையையும் சேர்த்து அந்த ஈர்ப்பைச் சமன்செய்தார்கள். 2024-இல் வெளியான போஸ்-ஐன்ஸ்டீன் செறிபொருள் (பெரும்பாலான மூலக்கூறுகள் ஒரே குவாண்டம் நிலையில் குவியும் பொருள்நிலை) அப்படித்தான் கிடைத்தது.