மகளின் மனச்சோர்வுக்கு ஃபோன் செயலி: பயன்படுத்தியவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்கு மூன்று மாதமாக மனச்சோர்வு. டிபன் பாக்ஸில் வைக்கும் தயிர்சாதம் அப்படியே திரும்பி வருகிறது. மனநல மருத்துவரை மாதம் ஒருமுறைதான் பார்க்க முடிகிறது. இடைப்பட்ட நாட்களுக்குத் துணையாக ஒரு செயலியைச் சொன்னார்.

மனதில் ஓடும் எண்ணங்களை எழுதிப் பார்த்து மாற்றிக்கொள்ளும் சிபிடி முறைதான் அதில். நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தினர் இதே முறையில் ஸ்பார்க்ஸ் என்ற கணினி விளையாட்டை உருவாக்கினார்கள். 12 முதல் 19 வயது வரை உள்ள 187 பேரிடம் சோதித்ததில், வழக்கமான சிகிச்சைக்குக் குறையாத பலன் கிடைத்ததாக 2012இல் வெளியிட்டார்கள். அதனால் எனக்கு நம்பிக்கை உண்டு.

ஆனால் வீட்டில் நடப்பது வேறு. தினமும் ராத்திரி, அன்றைய மனநிலையைத் தொட்டுக் காட்டச் சொல்லி செயலியில் ஐந்து முகங்கள் வரும். அவள் யோசிக்காமல் நடு முகத்தைத் தொட்டுவிட்டு மூடிவிடுகிறாள். முழுக்க ஆங்கிலம். "உள்ள இருக்கறத இங்கிலீஷ்ல எப்படிம்மா எழுதறது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

தமிழில் நன்றாக இயங்கும் செயலியை யாராவது பிள்ளைகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறீர்களா? அவள் எழுதுவதை நான் படிக்கலாமா, விலகி நிற்பதா? படிக்க மனம் துடிக்கிறது. தெரிந்தால் எழுதுவதையே நிறுத்திவிடுவாளோ என்று பயம். அப்புறம், ராத்திரி ஃபோனை வாங்கி வைக்கச் சொல்கிறார் மாமியார். பயிற்சியும் அதே ஃபோனில்தானே, எப்படிச் சமாளித்தீர்கள்?

அவசரத்துக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ இருவர் ஃபோனிலும் பதிந்து வைத்திருக்கிறேன். மருந்து பற்றி வேண்டாம், அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.