டேக் ஆஃப்: ஒரே செய்தியில் இரண்டு பொருளா?

கேள்வி:
வணக்கம். சிங்கப்பூரின் பொங்கோலில் ஒரு கட்டுமானத் தள அலுவலகத்தில் சேர்ந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. திங்களன்று மேலாளர், “வியாழனுக்குள் டேக் ஆஃப் முடி, வெள்ளி டேக் ஆஃப்” என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். கழற்றுவது என்ற பொருளை மட்டுமே அறிந்திருந்த நான், நான்காம் மாடியில் சென்ட்ரிங் பலகைகளைக் கழற்றச் சொல்கிறார் என்று எண்ணி, மேற்பார்வையாளரிடம் போய் ஆள் கேட்டேன். அவர் சிரித்தாரே தவிர விளக்கவில்லை. யாரேனும் விளக்குவீர்களா?

பதில் 1:
தம்பி, முதலில் வருவது எங்கள் தொழிற்சொல். வரைபடத்தைப் பார்த்து, கான்கிரீட் எத்தனை கன மீட்டர், கம்பி எத்தனை டன் என்று அளவெடுத்துப் பட்டியலிடும் வேலைக்கு அப்பெயர். 0.4 மீட்டர் சதுரத் தூண் 3 மீட்டர் உயரம் என்றால் 0.48 கன மீட்டர். அத்தகைய தூண்கள் 20 இருந்தால் 9.6. இரண்டாவது, விடுப்பு.

பதில் 2:
நான் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவன். நம் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற்பொருளை நினைவில் கொண்டால் இச்சொல் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். காலிலிருந்து காலணி நீங்குகிறது, சாங்கி ஓடுபாதையிலிருந்து விமானம் நீங்குகிறது, விலையிலிருந்து ஐந்து வெள்ளி (டாலர்) நீங்குகிறது, வரைபடத்திலிருந்து அளவு வெளியே எடுக்கப்படுகிறது. ஒருவரைப் போலப் பேசிக் காட்டிக் கேலி செய்வதையும் பிரிட்டிஷார் இச்சொல்லால் குறிப்பர்; அதை நீங்கலுக்குள் அடக்குவது வலிந்து பொருள் கொள்வதாகும். புதிய கடையொன்று திடீரெனச் சூடுபிடிப்பதற்கும் இதுவே சொல். தமிழில் ‘எடு’ என்பதிலிருந்தே ‘எடுபட்டது’ என்று ஏறத்தாழ அதே பொருளில் சொல்கிறோம் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

சொல் வரிசையில் கவனம் தேவை. காலணி என்ற பெயரை ‘ஆஃப்’ என்பதற்கு முன்னும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம். ‘தெம்’ என்ற சுட்டுப்பெயரோ நடுவில்தான் வரவேண்டும்: ‘டேக் தெம் ஆஃப்’. விடுப்புப் பொருளிலும் நாள் நடுவில் வந்து ‘டேக் ஃபிரைடே ஆஃப்’ என்றாவதே பொது வழக்கு. ‘ஆஃப்’ என்பதையே விடுப்பின் பெயராக்கிக்கொண்ட சிங்கப்பூரர்களுக்கு ‘வெள்ளி டேக் ஆஃப்’ போதும். லண்டன்காரரோ நீங்கள் வெள்ளியன்று விமானம் ஏறுவதாக எண்ணக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. தூண்களின் கணக்கு முடிந்துவிட்டது. மாடிப்படிகளின் கணக்குதான் இழுக்கிறது. ஆகவே வெள்ளிக்கிழமை ‘டேக் ஆஃப்’ இன்னும் உறுதியாகவில்லை.