வயதான நாய்க்குக் கருவிழிப் புண்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

பிரவுனி வீட்டார்:
எங்கள் பாக்ஸர், பெண், வயது பத்தைத் தாண்டியவள். இடது கண்ணின் கருவிழியில், அதாவது கண்ணின் முன்புறக் கண்ணாடி போன்ற படலத்தில் புண். ஒரு வாரத்தில் தானாக மூடிவிடும் மேலோட்டமான வகைதான், ஆனால் மூடவே இல்லை. ஆன்டிபயாடிக் சொட்டு, கண்ணைத் தேய்க்கவிடாமல் கழுத்தில் மாட்டும் கோன் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை, அதை விடுகிறேன். இன்னும் மனதை விட்டுப் போகாதது, டாக்டர் மரத்துப்போகும் சொட்டு விட்டு, உலர்ந்த பஞ்சுக் குச்சியால் புண்ணின் ஓரத்தைத் தேய்த்த அந்த நேரம்தான். வெளியே தெரிந்தது சின்னப் புள்ளி. தேய்க்கத் தேய்க்க மேல்படலம் நனைந்த டிஷ்யூ பேப்பர் மாதிரி சுருண்டு வந்துகொண்டே இருந்தது, கடைசியில் பாதிக் கருவிழி அளவுக்கு உரிந்துவிட்டது. அவ்வளவு நேரமும் அவள் தாடையை என் கையில் வைத்தபடி அசையாமல் நின்றாள்.

அத்தனையும் ஒட்டாமல் சும்மா மேலே கிடந்திருக்கிறது! நடுவயதைத் தாண்டிய நாய்களுக்கு வரும் இந்த வகையில் மேல்படலம் வளரத்தான் செய்கிறது, அடியில் பிடிப்பு இல்லாததால் இமை கொட்டும்போதெல்லாம் பெயர்ந்துவிடுகிறது. எத்தனை பாட்டில் மருந்து விட்டாலும் ஆறாததற்குக் காரணம் அதுதான். அப்புறம் வைரத்தூள் பதித்த பர் கருவியால் அடிப்பரப்பைத் தேய்த்துவிட்டார்கள். இதயத்தில் மர்மர் (இதயத் துடிப்போடு கேட்கும் கூடுதல் இரைச்சல்) இருந்ததால் முழு மயக்கம் கொடுக்காமல், மரத்துப்போகும் சொட்டோடு முடித்தார்கள். ஆறிவிட்டது. வேறு யாராவது அந்த உரிதலை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

கருப்பனின் அப்பா:
உரிதலைப் பார்த்ததில்லை. நான் பார்த்தது பச்சைக்கு நடுவே கறுப்பு.

எங்களுடையது பக், கிழவன், சர்க்கரையும் உண்டு. முதலில் காட்டிய இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்து, அலர்ஜி என்று ஸ்டீராய்டு கலந்த சொட்டு கொடுத்தார்கள், சாயம் விட்டுப் பார்க்கவே இல்லை. சிவப்பு என்னவோ குறைந்தது, ஆனால் புண் உள்ள கண்ணுக்கு ஸ்டீராய்டு ஆகாது. இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான் சாயம் ஊறிய ஆரஞ்சு நிறக் காகிதத் துண்டைக் கண்ணில் தொட்டு, விளக்கை அணைத்து, நீல ஒளியைக் காட்டினார். பச்சையாக ஒரு வளையம் மின்னியது, அதன் நடுவே கறுப்பாக, தெளிவாக ஒரு வட்டம். டாக்டர் உடனே கையால் எனக்குச் சைகை காட்டினார்: கழுத்தைப் பிடிக்காதே, இழுக்காதே.

ஃப்ளோரசின் சாயம் கருவிழியின் நடு அடுக்கில்தான் ஊறும். நடுவே சாயம் ஏறவில்லை என்றால் அங்கே ஊறுவதற்கு நடு அடுக்கே மிச்சம் இல்லை, கடைசிச் சவ்வு மட்டும்தான் கண்ணைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. கருவிழி மொத்தமே அரை மில்லிமீட்டர் சொச்சம், அதில் எல்லாம் போய் ஒரு சவ்வு! கழுத்துப் பட்டையை இறுக்கினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், அது போதும் வெடிக்க. அன்றைக்கே வெண்படலத்திலிருந்து ஒரு துண்டைத் திருப்பி மேலே தைத்தார்கள். கண் நின்றது.

என்னை இன்னும் அரிப்பது, அவன் கண்ணைச் சுருக்கக்கூட இல்லை என்பது. பக் மாதிரி தட்டை முக நாய்களுக்குக் கருவிழியில் உணர்ச்சி குறைவு, சர்க்கரை இன்னும் குறைக்கும், வயது வேறு. வலியைக் காட்டாததால் புண் பெரிதில்லை என்று தயவுசெய்து யாரும் முடிவு கட்டாதீர்கள்.

நாட்டுநாய் நேசன்:
பிரவுனி வீட்டாரின் பதிவைப் படித்துவிட்டு யாராவது வீட்டில் பஞ்சுக் குச்சியை எடுத்துவிடப் போகிறார்கள் என்று பதறுகிறது. அந்தத் தேய்ப்பு ஒட்டாத மேலோட்டப் புண்ணுக்கு மட்டும்தான். ஆழமான புண்ணிலோ கிருமி ஏறிய புண்ணிலோ செய்தால், குறிப்பாக ஊசி முனையால் கட்டம் கட்டமாகக் கீறும் முறையைச் செய்தால், கிருமியை உள்ளே அனுப்புவது மாதிரிதான் ஆகும். எது எந்த வகை என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. தவிர, பர் வைத்தாலும் எல்லா நாய்க்கும் முதல் முறையிலேயே ஆறிவிடாது, சிலருக்கு மறுபடி செய்ய வேண்டி வரும். அதையும் எழுதியிருக்க வேண்டும்.

எங்கள் லாப்ரடாருக்கு வந்தது கரையும் புண். காலையில் ஓரம் கொஞ்சம் மங்கலாக இருந்த கருவிழி, சாயந்திரம் சாம்பல் நிறக் கூழாகத் தொங்கியது. சூடோமோனாஸ் என்று பிறகு பரிசோதனையில் வந்தது. அந்தக் கிருமியும், அதை எதிர்க்க வரும் வெள்ளை அணுக்களும் விடும் நொதிகள் கருவிழியின் கொலாஜனைக் கரைக்கின்றன. அவன் காலிலிருந்தே ரத்தம் எடுத்து, சுழற்றி, மேலே தெளிந்த மஞ்சள் சீரத்தைச் சொட்டு பாட்டிலில் ஊற்றிக் கையில் கொடுத்தார்கள். அதில் இருக்கும் புரதங்கள் அந்த நொதிகளைக் கட்டிப்போடுமாம். ஃப்ரிட்ஜில் வைத்து மணிக்கு ஒரு தடவை, ஆன்டிபயாடிக்கும் அதே கணக்கில், ராத்திரி முழுக்க. அவனுடைய ரத்தத்தையே அவன் கண்ணில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ராத்திரியை என்னால் மறக்க முடியவில்லை. விடிந்தபோது ஓரம் கெட்டிப்பட்டிருந்தது.

பிரவுனி வீட்டார்:
வீட்டில் செய்யுங்கள் என்று நான் எங்கே எழுதினேன்? டாக்டர் செய்தார் என்றுதானே இருக்கிறது. மறுபடி செய்ய வேண்டி வரலாம் என்பது உண்மைதான், எங்களிடமும் சொன்னார்கள், அவளுக்குத் தேவைப்படவில்லை.

டாமியின் தங்கை:
எங்கள் காக்கர் ஸ்பானியலுக்கு மூல காரணம் கண் வறட்சி. காகிதப் பட்டையை இமைக்குள் செருகி ஒரு நிமிடம் வைத்தார்கள். 15 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் சரி, 10-க்குக் கீழே என்றால் வறட்சி. பட்டையில் ஈரம் ஏறுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், ஏறவே இல்லை. இத்தனை வருடம் இந்தக் கண்கள் காய்ந்து கிடந்ததா என்று அழுகை வந்துவிட்டது. இப்போது கண்ணீரைச் சுரக்க வைக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து, ஆயுள் முழுக்க.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் மருந்து விடுவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முகத்துக்கு நேரே பாட்டிலைக் கொண்டுபோகாதீர்கள். நாயைச் சுவரோரம் உட்கார வைத்து, பின்னாலிருந்து தாடையைத் தூக்கி, மேல் இமையைக் கட்டைவிரலால் இழுத்து, தலைக்கு மேலிருந்து ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். பாட்டில் முனை கண்ணில் படக் கூடாது, பட்டால் குத்தும், பாட்டிலும் கெடும். இரண்டு மருந்து என்றால் நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள், களிம்பு கடைசியில். போன தடவை மிஞ்சிய மருந்தைத் தொடவே வேண்டாம், அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். மரத்துப்போகும் சொட்டை வீட்டுக்குக் கேட்காதீர்கள், அது மேல்படலத்தையே கெடுத்து ஆறவிடாமல் செய்யும். கோனைச் சாப்பாட்டு நேரத்தில் பாவம் பார்த்துக் கழற்றுகிறவர்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், முன்னங்காலால் ஒரு தேய்ப்பு போதும். துணி கோன், வளையக் கோன் எல்லாம் கண் புண்ணுக்கு நம்பக்கூடியவை அல்ல, மூக்கைத் தாண்டி நீளும் கெட்டி பிளாஸ்டிக்தான் வேண்டும். முதுமையில் கண் தெரியாத நாய் கோனோடு எல்லாவற்றிலும் இடிக்கும், அதனால் ஒரே அறையில் வைத்து, நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிடுங்கள்.

கருப்பனின் அப்பா:
தங்கச்சி, எல்லாம் சரி, ஆனால் களிம்பு எல்லோருக்கும் அல்ல. துளை விழுந்த கண்ணிலும், விழப்போகிற கண்ணிலும் களிம்பு கூடாது. அதன் எண்ணெய் உள்ளே போனால் கண்ணுக்குள் கடும் அழற்சி வரும். எங்களுக்குச் சொட்டு மட்டும்தான் கொடுத்தார்கள்.

மழைக்குருவி:
என் கேள்வி சின்னது. பதின்மூன்று வயதுக் கிழவிக்குப் பூனை நகம் பட்டுக் கீறல். ஆழம் இல்லை, லென்ஸ் வரை போகவில்லை என்று பார்த்துச் சொல்லிவிட்டார்கள். நேற்று அட்ரோபின் விட்டதும் வாயெல்லாம் நுரை தள்ளி, தலையை உதறி, கட்டிலுக்கடியில் போய்விட்டாள். விஷம் ஏறிவிட்டதோ என்று உயிரே போய்விட்டது. பாவை இன்னும் பெரிதாகவே விரிந்திருக்கிறது.

நாட்டுநாய் நேசன்:
கண்ணிலிருந்து மூக்குக்குப் போகும் குழாய் வழியாக மருந்து தொண்டைக்கு இறங்கியிருக்கும், அட்ரோபின் பயங்கரக் கசப்பு, அதுதான் நுரை. பாவை விரிவது மருந்தின் வேலை, பல நாள் அப்படியே இருக்கலாம், வெயிலில் கூட்டிப்போகாதீர்கள். ஆனால் அவளுக்குக் கண் அழுத்த நோயோ கண் வறட்சியோ ஏற்கெனவே உண்டா? அட்ரோபின் இரண்டுக்கும் ஆகாது. உண்டென்றால் அடுத்த வேளை விடுவதற்கு முன் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.