சமோவா தட்டம்மை: பெற்றோர் பயந்தது தப்பா?

கருவேலன்: 2018 ஜூலையில் பசிபிக் தீவு நாடான சமோவாவின் சவாய் தீவில் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) போட்ட சில நிமிடங்களில் 2 குழந்தைகள் இறந்தன. பயந்த பெற்றோர் ஊசியே வேண்டாம் என்றார்கள். மறுவருடம் தட்டம்மை 83 பேரைக் கொண்டுபோனது, பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். வதந்தியை நம்பினால் இதுதான் கதி.

தேன்மொழி: 2 குழந்தைகள் செத்தது வதந்தியாங்க? எம்எம்ஆர் குப்பியில் தூளாக வரும், அதோடு வரும் ஊசிநீரில்தான் கரைக்கணும். அங்கே காலாவதியான அட்ராகூரியத்தில் கரைச்சாங்க. அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தும் மருந்து அது, மூச்சுவிடும் தசையையும் சேர்த்தே முடக்கிடும்.

கருவேலன்: நானும் அதைத்தானே சொல்றேன்? கோளாறு கரைத்ததில், தடுப்பூசியில் இல்லை. அந்த ஊசிகளுக்குப் பொறுப்பான 2 செவிலியருக்கும் 5 ஆண்டு சிறை கிடைச்சதே.

தேன்மொழி: தீர்ப்பு வந்தது 2019 ஆகஸ்டில். அதுக்குள்ள அரசே எம்எம்ஆர் போடுவதை மாதக்கணக்கில் நிறுத்தி வெச்சிருந்தது. “நல்ல ஊசின்னா ஏன் நிறுத்துனீங்க?”ன்னு ஒரு தாய் கேட்டா என்ன பதில்?

மருந்தறை: இது சமோவாவில் மட்டும் நடந்ததல்ல. 2014இல் சிரியாவின் இட்லிப்பிலும் இதே அட்ராகூரியம், 15 குழந்தைகள் இறந்தன. தடுப்பூசியைப் போலவே அட்ராகூரியத்தையும் 2–8 டிகிரியில்தான் வைக்க வேண்டும். தடுப்பூசி ஃபிரிட்ஜில் இடம் கொடுத்தால் அவசரத்தில் கை மாறிவிடும். அதனால்தான் அங்கே வேறு மருந்து கூடாது என்பது விதி. நம்மூர் எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) தடுப்பூசிக் குப்பியிலும் கரைத்த நேரத்தை எழுத வேண்டும். 4 மணி நேரம் தாண்டினால் மீதி எத்தனை டோஸ் இருந்தாலும் குப்பைக்குத்தான். கிருமி வளர்ந்தால் ரத்தத்தில் நஞ்சேறும். பெற்றோர் அந்த நேரத்தைக் காட்டச் சொல்லலாம்.

கருவேலன்: ஆளாளுக்குக் குப்பியைக் கேட்டா சிஸ்டர் ஊசி போட்ட மாதிரிதான்! சரி, கேட்கட்டும். ஆனா நோய் வந்த பிறகும் காரத்தன்மையுள்ள நீரைத் தெளிச்சே நோயைக் குணமாக்குறேன்னு சொன்ன ஆளைத் தேடிப் போனாங்களே, அதுக்கும் அரசா பொறுப்பு?

தேன்மொழி: போனவங்க சிலர். டிசம்பரில் 2 நாள் அலுவலகங்களை மூடிட்டு வீடுவீடா ஊசி போட வந்தப்போ, போடாதவங்க வாசலில் சிவப்புத் துணி கட்டணும்னு அரசு சொல்லுச்சு. ஜன்னல், மரம், வேலின்னு கிடைச்ச இடத்திலெல்லாம் கட்டுனாங்க. எதிர்ப்பாளர் செய்யுற வேலையா அது?