புதுப்பிப்பு: சைலன்சர் மாற்றியபின் அணையாத இன்ஜின் லைட்

கம்பெனி சைலன்சருக்குப் பதில் வெளிக்கடைச் சைலன்சர் போட்டதிலிருந்து இன்ஜின் லைட் எரிகிறது, கோட் பி0420 (கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற பிழைக் குறி) என்று முன்பு எழுதியிருந்தேன் அல்லவா, அது சரியாகிவிட்டது. புகையைச் சுத்தமாக்கும் அந்தக் கன்வெர்ட்டரே போய்விட்டது என்று பலர் சொன்னீர்கள். போகவில்லை.

பெங்களூரு ஜே.சி. ரோடு பக்கம் ஒரு தமிழ் மெக்கானிக் அண்ணன் பார்த்தார். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, பின்பக்கப் புகைக் குழாயைத் துணியால் லேசாக அடைத்தார். சைலன்சர் ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர் தெளித்ததும் நுரை பொங்கியது. கழற்றினால், கசியாமல் இருக்க நடுவில் வைக்கும் கேஸ்கட்டின் ஒரு ஓரம் முழுக்கக் கரி. அந்த இடுக்கில் வெளிக்காற்று புகுந்து, பக்கத்தில் புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரைக் குழப்பியிருக்கிறது. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவோ பழியைக் கன்வெர்ட்டர் மேல் போட்டுவிட்டது.

புது கேஸ்கட் போட்டு, பதிவான அந்தப் பிழைக் குறியை அழித்தோம். அழித்தவுடன் லைட் அணைவதை நம்பாதீர்கள். இசியு தன் சோதனையை மறுபடி முடிக்க வேண்டும். அதற்குச் சீரான வேகம் வேண்டும், நெரிசலான சில்க் போர்டு சந்திப்பில் அது நடக்கிற காரியமா? அதனால் நைஸ் ரோடு என்ற சுங்கச் சாலையில் ஓட்டினேன். லைட் திரும்பவில்லை.

சென்சாரைப் புகையிலிருந்து சற்றுத் தள்ளி வைக்கும் ஸ்பேசர் போடச் சொன்னவர்களுக்கு: அது இசியுவை ஏமாற்றும், ஓட்டையை அடைக்காது. அப்புறம், லைட் விட்டுவிட்டு மின்னுகிறது என்று கேட்ட நண்பரே, அது பெரும்பாலும் மிஸ்ஃபயர், அதாவது இன்ஜினில் எரிபொருள் சரியாக எரியாதது. வண்டியை ஓட்டாமல் முதலில் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.